கண்வலிக்கிழங்கைக் கவுட்டுக்குக் கஷாயம் வைக்கலாமா?

மூலனூர்க்காரன்:
எங்கள் பக்கம் கண்வலிக்கிழங்குச் செடியை, அதாவது செங்காந்தளை, விதைக்காகப் பந்தலில் ஏற்றி வளர்க்கிறோம். கவுட் என்கிற, யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலிக்குத் தரும் கோல்ச்சிசின் மருந்து இதிலும் இருக்கிறதாம். அப்படியென்றால் கிழங்கை அவித்துக் குடித்தாலும் கேட்குமா? எவ்வளவு போட வேண்டும்?

மருந்துக்கடை மணி:
வேண்டவே வேண்டாங்க. மாத்திரையில் இருப்பது 0.5 மி.கி. காய்ந்த கிழங்கில் 0.1 முதல் 0.3 சதவீதம் என்று வைத்தாலே 10 கிராமில் 10 முதல் 30 மி.கி. வந்துவிடும், அதாவது 20 முதல் 60 மாத்திரை. மொத்தம் 7 மி.கி.யில் இறந்தவர்களும் உண்டு. அவித்தாலும் நஞ்சு போகாது. இலங்கையில் வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று இறந்திருக்கிறார்கள்.

முதல் சில மணி நேரம் ஒன்றும் தெரியாது, அதுதான் ஏமாற்றும். பிறகு வாந்தி, தண்ணீராய் வயிற்றுப்போக்கு. இரண்டு மூன்று நாளில் வெள்ளையணு சரியும், சிறுநீரகமும் இதயமும் தளரும். டயாலிசிஸாலும் பெரிதாய் எடுக்க முடியாது, மருந்து திசுக்களுக்குள் போய்விடுகிறது. தின்றது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரி போங்கள்.

டாக்டர் செல்வி:
மணி சொன்னது சரி. மாத்திரையிலும் அளவுதான் எல்லாம். வலி தொடங்கி 12 மணி நேரத்துக்குள் 1 மி.கி., ஒரு மணி நேரம் கழித்து 0.5 மி.கி., அன்றைக்கு அவ்வளவுதான். வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கொரு மாத்திரை என்ற பழைய முறையை விட்டுவிடுங்கள். வலி அதனால் கூடுதலாய்க் குறைவதில்லை, வயிறுதான் கெடும்.

வெள்ளையணுக்கள் மூட்டில் படிந்த யூரிக் அமிலப் படிகத்தை நோக்கி நகர டியூபுலின் புரதம் வேண்டும். கோல்ச்சிசின் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு அவற்றை நகரவிடாமல் செய்கிறது. யூரிக் அமிலத்தை இது குறைக்காது, அதற்கு அலோபியூரினால் தனி. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எடுக்கும்போது இது உடலிலிருந்து வெளியேறாமல் தேங்கி உயிருக்கே ஆபத்தாகும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டர் அளவைக் குறைத்தே தருவார்.

இதய ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்குத் தினம் 0.5 மி.கி. கொடுத்த ஆய்வு 2020இல் வந்தது. 5522 பேர். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 31 சதவீதம் குறைந்தன. 2023இல் அமெரிக்காவில் அதற்கும் அனுமதி கிடைத்தது.

மூலனூர்க்காரன்:
கஷாயத்தை விட்டாச்சுங்க. நடவுக்குக் கிழங்கை வெட்டும்போது ஏதாவது பார்க்கணுமா?

மருந்துக்கடை மணி:
கையுறை போடுங்கள், விதை உடைக்கும்போது முகக்கவசமும் வேண்டும். விதையிலும் கோல்ச்சிசின் ஏராளம். கிழங்கின் முளை அதன் நுனியில்தான் இருக்கும், அது ஒடிந்தால் அந்தக் கிழங்கு முளைக்காது. ஒடிந்ததை வரப்பில் போடாதீர்கள், ஆடு கடித்தாலும் இதே கதிதான்.