எக்ஸிட் சென்சார்: மோட்டார் கேட் கையேட்டுக்குத் தமிழ்ச்சொல்

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டு மோட்டார் கேட்டுகளைப் பொருத்துபவர்களுக்கான கையேட்டில் எக்ஸிட் சென்சாருக்கு ஒரு சொல் தேவைப்படுகிறது. உள்ளிருந்து வண்டி வரும்போது, ரிமோட்டை அழுத்தாமலே கேட்டைத் திறக்க வைக்கும் கருவி அது. வரைவில் "தானியங்கி வெளியேற்ற உணரி" என்று இருக்கிறது. கன்ட்ரோல் போர்டில் கம்பி இணைக்கும் டெர்மினலுக்குப் பக்கத்திலும் இதே பெயர் அச்சாகும் என்பதால் சுருக்கமாக இருந்தால் நல்லது.

----------

> தானியங்கி வெளியேற்ற உணரி

"வெளியேற்றம்" என்றதும் புகையும் கழிவுநீரும்தான் நினைவுக்கு வரும். அது பிறவினை. இங்கே வண்டி தானாகப் போகிறது, யாரும் அதை வெளியேற்றவில்லை. "தானியங்கி"யும் மிகை. கையால் இயக்கும் உணரி என்று ஒன்று உண்டா?

பெரும்பாலும் தரைக்குள் இருப்பது, மேலே வரும் வண்டியின் உலோகத்தை உணரும் கம்பிவளையம்தானே. பேசாமல் "தூண்டல் வளையம்" என்றே எழுதிவிடலாமே?

----------

> தூண்டல் வளையம் என்றே எழுதிவிடலாமே

அப்படி எழுதினால் வயரிங் செய்பவர் தடுமாறுவார். ஒரே கேட்டில் இரண்டு, மூன்று வளையங்கள் இருக்கலாம். உள்ளே தள்ளி இருப்பது திறக்கச் சொல்வதற்கு. கேட்டை ஒட்டி இருப்பது, வண்டி நிற்கும்போது கதவு மூடாமல் தடுப்பதற்கு. இரண்டுக்கும் ஒரே வகைக் கம்பி, ஒரே வகை டிடெக்டர் (வளையத்தில் வரும் மாற்றத்தை அறியும் கருவி), வேலை மட்டும் வேறு. கம்பி அறுந்தால் என்ன நடக்க வேண்டும் என்பதும் வேறு. கேட்டை ஒட்டிய காப்பு வளையத்தின் ரிலே (டிடெக்டர் இயக்கும் மின்சுவிட்ச்) "வண்டி இருக்கிறது" என்ற நிலைக்குப் போய்விட வேண்டும். திறப்பு வளையத்தின் ரிலே அப்படிப் போனால் இரவு முழுக்க வீடு திறந்து கிடக்கும். ஆகவே செயலைச் சொல்லும் பெயர்தான் வேண்டும்.

மேலும், இந்த வேலையை வளையம் மட்டுமே செய்வதில்லை. பாதையோரம் குழாயில் புதைக்கும் காந்தக்கோல் இருக்கிறது. எஃகு நகரும்போது புவிக்காந்தப் புலத்தில் வரும் சலனத்தை அது பிடிக்கும். நின்ற வண்டி அதற்குத் தெரியாது, அதனால் அதைக் காப்புக்குப் பயன்படுத்தவே கூடாது. எஃகுக் கேட்டுக்கு அருகில் புதைத்தால் கேட் அசைவதையே வண்டி என்று எண்ணி, மூடும்போதெல்லாம் திறக்கச் சொல்லும். சாலைக்கு அருகில் புதைத்தால் போகிற லாரிக்கெல்லாம் திறக்கும். அகச்சிவப்புக் கதிரையும் சிலர் வைக்கிறார்கள். அதற்கு நாயும் ஒன்றுதான், காரும் ஒன்றுதான்.

கையேட்டில் வளையம் பற்றிய பகுதி சுருங்கிக் கிடக்கிறது. இவற்றையும் சேருங்கள். வளையக் கம்பியைப் பதிக்கத் தரையில் போடும் வெட்டு 30 முதல் 50 மி.மீ. ஆழம். மூலைகளை 45 பாகையில் சாய்த்து வெட்ட வேண்டும், செங்கோண மூலையில் கம்பியின் உறை கிழியும். சிறிய வளையத்துக்குக் கம்பிச் சுற்று அதிகம் வேண்டும், பெரியதற்குக் குறைவாகப் போதும். கான்கிரீட்டில் இரும்புக் கம்பிவலை இருந்தால் உணர்திறன் குறையும், ஒன்றிரண்டு சுற்று கூட்டலாம். வளையத்திலிருந்து டிடெக்டர் வரை போகும் இரு கம்பிகளையும் மீட்டருக்குக் குறைந்தது 20 முறுக்கு வீதம் பின்ன வேண்டும். இதை விட்டுவிட்டால் பக்கத்து மின்கம்பியின் மின் குறுக்கீடு ஏறி, வண்டியே இல்லாமல் கேட் திறக்கும். வெட்டை மூடும்போது கம்பி அசையாதபடி அடைப்பது முக்கியம். அசைகிற கம்பியும் பொய்யான திறப்பைத் தரும்.

----------

சரி, செயலைச் சொல்லும் பெயர் என்றால்: வெளியேறுணரி, திறப்புணரி, வழிவிடு உணரி. முதலாவது சின்னது, போர்டில் அடங்கும்.

----------

> திறப்புணரி

இது வேண்டாம். கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்கும் காந்த ஸ்விட்சுக்குத்தான் இந்தப் பெயர் பொருந்தும். அதுவும் இதே கேட்டில் இருக்கக்கூடும்.

> வழிவிடு உணரி

வழிவிடுவது கேட், உணரி அல்ல.

> வெளியேறுணரி

வினைத்தொகையாகப் பிரித்தால் "வெளியேறும் உணரி" என்றாகும். உணரியே கிளம்பிப் போகிறது! தொழிற்பெயராக்கி "வெளியேறல் உணரி" என்றால் இந்தச் சிக்கல் இல்லை. செலவு என்றால் பழந்தமிழில் பயணம் என்பதால் "வெளிச்செலவு" என்றும் யோசிக்கலாம், ஆனால் இன்று அதைக் கணக்குப் புத்தகத்தில்தான் தேடுவார்கள்.

----------

"வெளியேறல் உணரி" எனக்குச் சம்மதம். குடும்பமாகவும் விரிகிறது: வெளியேறல் வளையம், வெளியேறல் கோல். கேட்டை ஒட்டியது காப்பு வளையம். போர்டில் "வெளியேறல்" மட்டும் போதும்.

அந்த டெர்மினலைப் பற்றி ஒரு வரி கட்டாயம் வேண்டும். உணரியின் ரிலேயைத் "திற" உள்ளீட்டில் இணைக்க வேண்டும். ஒரே பட்டனில் திற, நில், மூடு என்று மாறி மாறி இயங்கும் உள்ளீட்டில் இணைத்தால், கேட் பாதி திறந்திருக்கும்போது பின்னால் வரும் இரண்டாவது வண்டி அதை நிறுத்திவிடும்.

----------

அப்படியே செய்வோம். தூரத்தையும் கையேட்டில் கணக்காகவே கொடுத்துவிடலாம். கேட் திறக்க 15 விநாடி, வண்டியின் வேகம் மணிக்கு 5 கி.மீ. என்றால், நிற்காமல் போக உணரி ஏறத்தாழ 21 மீட்டர் உள்ளே இருக்க வேண்டும். பல வீடுகளில் அவ்வளவு பாதை இராது. வண்டி சற்று நின்றுதான் போகும், அதனால் குற்றமில்லை. ஆனால் உள்நோக்கித் திறக்கும் கேட் என்றால், கதவு வீசும் வட்டத்துக்கு வெளியேதான் வளையத்தை வெட்ட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

சொற்பட்டியலில் சேர்க்கும் பதிவு:

வெளியேறல் உணரி: உள்ளிருந்து வரும் வண்டியை அறிந்து கேட்டுக்குத் "திற" ஆணை தரும் கருவி. வளையம், காந்தக்கோல், கதிர் என எவ்வகையாகவும் இருக்கலாம். மூடுவதைத் தடுக்கும் பொறுப்பு இதற்கு இல்லை.

"காந்தக்கோல்" என்பதா, "உணர்கோல்" என்பதா என்பது மட்டும் பாக்கி. பள்ளிப் பாடத்தின் சட்டக்காந்தம் நினைவுக்கு வருவதால் எனக்கு "உணர்கோல்" பக்கம் சாய்வு. மறுப்பிருந்தால் எழுதுங்கள்.