செத்த நட்சத்திர மீன், நண்டு எல்லாம் நாறாமல் வைப்பது எப்படி?

மணல்வீடு:
போன வாரம் பாம்பன் பக்கம் போயிருந்தோம். கரையில் நண்டு வலையைப் போட்டு நண்டைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள், கூடச் சிக்கியதையெல்லாம் ஓரமாக உதறிப் போட்டிருந்தார்கள். அதில் செத்துக் கிடந்த இரண்டு நட்சத்திர மீன், முள் பாதி உதிர்ந்த கடல் முள்ளெலி, கட்டைவிரல் அளவில் ஒரு நண்டு, அப்புறம் ஒரு கடல் குதிரை என்று மகள் பொறுக்கி வந்துவிட்டாள். இப்போது எல்லாம் ஃப்ரீசரில் இருக்கின்றன, வீட்டம்மா பார்க்கும் பார்வை சரியில்லை. பள்ளிக்குக் கொண்டுபோகிற மாதிரி கெடாமல் வைக்க முடியுமா? ஃபார்மலின் வாங்க வேண்டுமா?

கருவாட்டுப்பிரியன்:
கல்லுப்பில் புதைத்து மொட்டைமாடியில் வெயிலில் போடுங்கள். கருவாடே அப்படித்தானே போடுகிறோம்!

லேப்_அக்கா:
உப்பு வேண்டாம். காய்ந்த பிறகும் உள்ளே தங்குகிற உப்பு மழைக்காலக் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், திரும்பவும் பிசுபிசுத்து நாறும். முதலில் நல்ல தண்ணீரில் நன்றாக அலசுங்கள்.

நட்சத்திர மீனை மூடியுள்ள டப்பாவில் 70 சதவீத ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலில் மூழ்க வைத்து ஒன்றிரண்டு நாள் விடுங்கள், மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் ஆகும், அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். எடுத்ததும் மீனின் கைகளை நேராக்கி மேலே சின்ன கனம் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சுருண்டுகொள்ளும். பிறகு வலைத்தட்டில் காற்றோட்டமான நிழலில் காயட்டும். நிறம் கொஞ்சம் வெளுக்கத்தான் செய்யும். பிளீச் மட்டும் வேண்டாம், உள்ளே சின்னச் சின்ன சுண்ணாம்புத் துண்டுகளைப் பிடித்து வைத்திருப்பதே இணைப்புத் திசுவும் தசையும்தான், அது கரைந்தால் மீன் உதிர்ந்துவிடும்.

முள்ளெலிக்கு நேர்மாறு. ஓடு மட்டும் போதுமென்றால் நிறையத் தண்ணீர் கலந்த பிளீச்சில் கொஞ்ச நேரம் போடலாம், மிச்ச முள்ளும் தோலும் கழன்றுவிடும். பக்கத்திலேயே இருந்து பாருங்கள், அதிக நேரம் கிடந்தால் ஓடே மெலிந்துவிடும். வாய்ப் பக்கம் ஐந்து பற்களோடு ஒரு குட்டி எந்திரம் மாதிரி இருக்கும், அதை இடுக்கியால் எடுத்துத் தனியாக வையுங்கள், பிள்ளைகளுக்கு ஓட்டைவிட அதுதான் பிடிக்கும். காய்ந்த பிறகு ஃபெவிகாலைத் தண்ணீராகக் கரைத்துப் பூசினால் ஓடு சட்டென்று உடையாது.

நண்டின் நாற்றம் பெரும்பாலும் முதுகு ஓட்டுக்கு உள்ளேயிருந்து வருவதுதான். பின்பக்கமாக ஓட்டைத் தூக்கி செவுளையும் சதையையும் வழித்துவிட்டு ஆல்கஹாலில் போடுங்கள், காய்ந்ததும் பசை வைத்து ஒட்டிக்கொள்ளலாம்.

ஃபார்மலின் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். ஆவியே கண்ணையும் மூக்கையும் அரிக்கும், புற்றுநோய் அபாயமும் உண்டு. போதாக்குறைக்கு அது நாளாக ஆக அமிலமாகி ஓட்டையே கரைக்கும், அதனால்தான் ஆய்வகத்தில் போராக்ஸ் கலக்கிறோம்.

மண்டபத்துக்காரன்:
அக்கா சொன்னது சரி, ஆனால் கடல் குதிரையை யாரும் கவனிக்கவில்லை. அதைப் பள்ளிக்கு அனுப்பிவிடாதீர்கள். 2001ல் அதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், புலி இருக்கிற பட்டியல் அது. செத்தது, காய்ந்தது, கரையில் கிடந்தது என்றெல்லாம் சொல்லித் தப்ப முடியாது. கடல் அட்டை, பவளத்துண்டு, கடல் விசிறி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். வனத்துறை அலுவலகத்தில் விவரம் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள்.

இன்னொன்று, அசையாத நட்சத்திர மீன் எல்லாம் செத்தது இல்லை. கடல் தண்ணீரில் மல்லாக்கப் போட்டுப் பாருங்கள், அடியில் இருக்கும் குட்டிக் குழாய்க் கால்கள் நெளிந்தால் உயிர் இருக்கிறது, திருப்பிக் கடலில் விட்டுவிடலாம்.

மணல்வீடு:
கடல் குதிரை விஷயம் தெரியாது, நன்றி, நாளைக்கே பேசுகிறேன். ஜெல்லி மீனும் வேண்டும் என்கிறாள், அதுவும் ஆல்கஹால்தானா?

லேப்_அக்கா:
அது பெரும்பாலும் தண்ணீர்தான், ஆல்கஹாலில் போட்டால் சுருங்கி உருத்தெரியாமல் போகும். செத்துக் கிடந்தாலும் சில வகை கொட்டும், கையால் தொட விடாதீர்கள். போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.