தக்காளி நாற்று நெடுநெடுவென்று வளர்ந்து சாய்கிறது, சிலது அடியோடு விழுகிறது. காப்பாற்ற முடியுமா?

ஜன்னலோரச் செடி:
வணக்கம் நண்பர்களே. வசந்தம் வந்ததும் நேரே பாத்தியில் நடுவதற்கு நாற்று தயாராக இருக்க வேண்டும் என்று இந்தக் குளிர்காலக் கடைசியில் முதல்முறையாக வீட்டுக்குள்ளேயே விதை போட்டேன். தக்காளி 36 குழி, மிளகாய் 20 குழி. போட்டு இன்றோடு 18 நாள் ஆகிறது. தக்காளி ஆறாம் நாளே முளைத்து, 31 நாற்று வந்தது, வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இப்போது பார்த்தால் ஒவ்வொன்றும் 11, 12 செ.மீ. உயரம், தண்டு நூல் மாதிரி, விதையிலை இரண்டையும் தாங்க முடியாமல் கண்ணாடிப் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. அது போதாதென்று நேற்று நான்கு, இன்று காலை ஐந்து என்று அடியோடு விழுந்துவிட்டன. மிளகாய் இப்போதுதான் முளைத்து வருகிறது, அதற்கும் இதே கதி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

தட்டு இருப்பது வெயில் வரும் பக்கத்து ஜன்னலில்தான், கீழே ஹீட்டர் இருப்பதால் கதகதப்பாக இருக்கும். மேலே பிளாஸ்டிக் மூடி. காலை மாலை இரண்டு வேளையும் ஸ்பிரே செய்கிறேன். மண், தோட்டத்து மண்ணும் மக்கிய உரமும் பாதிப்பாதி. கடைசி உறைபனிக்கு இன்னும் 9 வாரம் இருக்கிறது. எதைத் தப்பாகச் செய்கிறேன், இருப்பதையாவது காப்பாற்ற முடியுமா, சொல்லுங்கள்.

கீரைப்பாத்தி:
எனக்கும் போன வருடம் இப்படித்தான் மெலிந்து போனது. சத்துக் குறைவாக இருக்கலாம், மண்புழு உரத்தை ஊற வைத்து அந்தத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள்.

பழைய நாற்றங்கால்:
கீரைப்பாத்தி தம்பி, கோபித்துக்கொள்ள வேண்டாம், இப்போது உரத்தண்ணீர் ஊற்றினால் நிலைமை மோசமாகும். விதையிலைப் பருவத்தில் நாற்றுக்கு வேண்டிய சாப்பாடு அந்த இலைக்குள்ளேயே இருக்கிறது, விதையிலைக்கு அடுத்து வரும் முதல் உண்மை இலை விரிந்த பிறகு, அதுவும் பாதி வீரியத்தில் கொடுத்தால் போதும். ஏற்கெனவே மண்ணில் பாதி மக்கிய உரம் வேறு.

ஜன்னலோரச் செடி, உங்களிடம் ஒரு உதவி. விழுந்த நாற்றில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் வைத்து, தண்டு மண்ணைத் தொடும் இடத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். தலைக்கனம் தாங்காமல் வளைந்து படுத்ததா, அந்த ஒரு இடத்தில் இற்றுப் போய் விழுந்ததா? பார்க்க ஒன்று போல இருந்தாலும் இரண்டும் வேறு, வைத்தியமும் வேறு.

ஜன்னலோரச் செடி:
பார்த்துவிட்டேன். மண் மட்டத்தில் அரிசி நீளத்துக்குத் தண்டு இளைத்துப் போய்விட்டது, சுடுதண்ணீரில் போட்டு எடுத்த கீரைத்தண்டு மாதிரி ஊறி, பழுப்பாக இருக்கிறது. அதற்கு மேலே தண்டும் இலையும் இன்னும் பச்சையாகவே இருக்கின்றன. மெதுவாக இழுத்தேன், வேர் வரவில்லை, அந்த இளைத்த இடத்திலேயே அறுந்து கையோடு வந்துவிட்டது. விழுந்த ஒன்பதும் இப்படித்தான். தட்டின் ஒரே மூலையில் அடுத்தடுத்த குழிகளில் இருந்தவை. மண்ணின் மேல் அங்கங்கே பாசி மாதிரிப் பச்சையாகவும் இருக்கிறது. மீதி 22 சாய்ந்திருக்கின்றன, ஆனால் அடியில் பழுப்பு இல்லை.

பழைய நாற்றங்கால்:
நன்றாகப் பார்த்துச் சொன்னீர்கள், இதற்கு மேல் சந்தேகமே இல்லை. உங்கள் தட்டில் இருப்பது இரண்டு பிரச்சினை, ஒன்றாகச் சேர்ந்து வந்திருக்கிறது.

விழுந்த ஒன்பதுக்கும் நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண்ணில் வாழும் நோய்க்கிருமிகளால் வருவது. பித்தியத்துக்குத் தண்ணீர் தேங்கிய மண்தான் சொர்க்கம், ஈரத்தில் நீந்தி ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குப் போகும், அதனால்தான் ஒரே மூலையில் வரிசையாக விழுந்திருக்கிறது. தோட்டத்து மண்ணோடு கிருமி உள்ளே வந்திருக்கும், மூடியும் இரண்டு வேளை ஸ்பிரேயும் அதை வளர்த்துவிட்டன. வளர்ந்த செடியை அந்த மண் ஒன்றும் செய்யாது, ஆனால் பிறந்த நாற்றுக்கு அதைத் தாங்கும் தோல் இன்னும் வரவில்லை. விழுந்ததை எழுப்ப மருந்து கிடையாது. அந்த ஒன்பது குழியையும் சுற்றியிருக்கும் ஒரு வரிசையையும் மண்ணோடு எடுத்து வெளியே போட்டுவிடுங்கள், மனசு கேட்காது, ஆனாலும் செய்யுங்கள்.

மீதி 22க்கு நோய் இல்லை, வெளிச்சம் போதவில்லை. கதகதப்பும் அரை இருட்டும் சேர்ந்தால் நாற்று வெளிச்சத்தைத் தேடி ஓடும், தண்டை நீட்டுவதிலேயே எல்லாவற்றையும் செலவழிக்கும். குளிர்காலக் கடைசியில் பகல் குறைவு, சூரியன் தாழ்வு, ஜன்னல் நமக்குத்தான் பளிச்சென்று தெரியும், நாற்றுக்கு அது பற்றாது. இன்றே மூடியை எடுத்துவிடுங்கள். மூடி முளைக்கும் வரைதான், பாதிக்கு மேல் முளைத்ததும் அதற்கு வேலை இல்லை. தட்டை ஹீட்டரை விட்டு நகர்த்துங்கள், தக்காளி முளைக்கத்தான் 21 முதல் 27 டிகிரி சூடு வேண்டும், முளைத்த பிறகு பகலில் 18, 20, இரவில் 15, 16 இருந்தால் தண்டு குட்டையாகத் தடித்து வரும். வெள்ளை எல்இடி குழல்விளக்கு ஒன்று கிடைத்தால் போதும், ஊதா விளக்குத்தான் வேண்டும் என்பதில்லை. நாற்றின் தலைக்கு மேல் 5 முதல் 10 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு, நாற்று வளர வளர விளக்கை ஏற்றுங்கள். தினமும் 14 முதல் 16 மணி நேரம், அப்புறம் கட்டாயம் இருட்டு, அதற்கும் ஓய்வு வேண்டும். கூரையில் இருக்கும் விளக்கை எரியவிட்டு ஏமாறாதீர்கள், தூரம் கூடினால் வெளிச்சம் மளமளவென்று குறைந்துவிடும்.

தண்ணீரை இனி மேலிருந்து ஊற்ற வேண்டாம். குழித்தட்டை அகலமான தட்டில் வைத்து, கீழே தண்ணீர் விட்டு, அரை மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மேல் மண் நிறம் வெளுத்த பிறகுதான் அடுத்த தண்ணீர். குழித்தட்டைத் தூக்கிப் பார்த்துப் பழகினால் கனத்திலேயே தெரிந்துவிடும்.

மிளகாய்த் தோட்டம்:
அண்ணா சொன்னது எல்லாம் சரி, மிளகாய்க்கு மட்டும் ஒரு திருத்தம். மிளகாயைத் தக்காளியோடு சேர்த்துக் குளிரில் வைக்காதீர்கள். அது முளைக்கவே 25 முதல் 30 டிகிரி கேட்கும், இரண்டு வாரம், சிலசமயம் மூன்று வாரம் கூட எடுக்கும். முளைத்த பிறகும் பகலில் 21க்குக் கீழே போனால் அப்படியே உட்கார்ந்துவிடும், வளரவும் வளராது, சாகவும் சாகாது. இன்னும் முளைக்காத குழிகளைச் சூட்டிலேயே வைத்து, முளைத்ததை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். நான் ஒரே தட்டில் இரண்டையும் போடுவதை விட்டு மூன்று வருடம் ஆகிறது, தனித்தனித் தட்டு என்றால் இந்தத் தலைவலியே இல்லை.

கீரைப்பாத்தி:
நாற்றங்கால் அண்ணா, உரத்தைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி, போன வருடம் என் நாற்று ஏன் போனது என்று இப்போதுதான் விளங்குகிறது. மண்ணின் மேல் சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டையின் பொடியைத் தூவினால் அழுகல் நிற்கும் என்கிறார்களே, அது உண்மையா?

பழைய நாற்றங்கால்:
தூவுவதால் கெடுதல் இல்லை தம்பி, ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். ஈரமும் காற்றில்லாத மூடியும் மாறாமல் எதைத் தூவினாலும் அழுகல் நிற்காது. அந்தக் காசுக்குச் சின்ன மின்விசிறி ஒன்றை வாங்கி, இலை லேசாக அசையும் அளவுக்கு ஓடவிடுங்கள். மேல் மண் காயும், தண்டும் ஆடி ஆடித் தடிக்கும். விசிறி இல்லையென்றால் உள்ளங்கையால் நாற்றின் தலையைத் தினம் இரண்டு தடவை மெல்லத் தடவிக் கொடுங்கள், அதுவும் வேலை செய்யும்.

ஜன்னலோரச் செடி:
அண்ணா, விழுந்த குழிகளையும் பக்கத்து வரிசையையும் எடுத்துவிட்டேன். நல்ல நாற்று 17தான் மிச்சம். மூடியை எடுத்தாயிற்று, விளக்கு நாளை வரும். ஏற்கெனவே நீண்டு போன தண்டு இனிமேல் குட்டையாகாதே, அதை என்ன செய்வது? எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி விதைத்தால் நாள் போதுமா?

பழைய நாற்றங்கால்:
நாள் தாராளமாகப் போதும், உண்மையில் நீங்கள் தக்காளியைச் சீக்கிரம் போட்டுவிட்டீர்கள். கடைசி உறைபனிக்கு 6 முதல் 8 வாரம் முன்பு தக்காளி, 8 முதல் 10 வாரம் முன்பு மிளகாயும் கத்தரியும், வெள்ளரியும் பூசணியும் 3, 4 வாரம் முன்பு போட்டால் போதும். உங்களுக்கு இன்னும் 9 வாரம் இருக்கிறது என்றால் மிளகாய் சரியான நேரத்தில் இருக்கிறது, தக்காளியை இன்னும் ஒன்றிரண்டு வாரம் கழித்துக்கூடப் போடலாம்.

இருக்கும் 17ஐத் தூக்கிப் போட வேண்டாம். தக்காளித் தண்டு மண்ணுக்குள் போனால் அங்கேயே வேர் விடும், நீண்ட தண்டு அதற்குக் குறையே இல்லை. முதல் உண்மை இலை விரிந்ததும் ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோப்பைக்கு மாற்றி, விதையிலைக்குச் சற்றுக் கீழே வரை புதையுங்கள். கோப்பையின் அடியில் ஓட்டை இருக்கட்டும். மண் புதிதாக இருக்கட்டும், தோட்டத்து மண் வேண்டாம், தென்னைநார்க் கழிவும், பெர்லைட் என்ற லேசான வெள்ளைத் துகளும், கொஞ்சம் நன்றாக மக்கிய உரமும் சேர்ந்த கலவை போதும். தனித்தனிக் கோப்பை எதற்கென்றால், ஒன்றில் கிருமி ஒட்டிக்கொண்டிருந்தாலும் பக்கத்ததுக்குப் போகாது. தூக்கும்போது இலையைப் பிடியுங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். இலை கிழிந்தால் இன்னொரு இலை வரும், தண்டு நசுங்கினால் அதோடு முடிந்தது. மிளகாயை இந்த மாதிரி ஆழமாகப் புதைக்க வேண்டாம், இருந்த ஆழத்திலேயே வையுங்கள்.

பழைய குழித்தட்டில் மறுபடி விதைக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் மண்ணெல்லாம் போகத் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து குறைந்தது 10 நிமிடம் ஊற வைத்து அலசுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், பிளீச்சோடு வினிகரோ வேறு சுத்தம் செய்யும் திரவமோ கலக்கவே கூடாது.

களிமண் காடு:
இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும், எனக்கும் வசந்த நடவுக்கான சந்தேகம்தான். பனி உருகிவிட்டது, இரண்டு நாள் நல்ல வெயில், எனக்குக் கை பரபரக்கிறது. பாத்தியை இப்போதே கொத்திப் போடலாமா?

மிளகாய்த் தோட்டம்:
ஒரு கைப்பிடி மண்ணை ஒரு சாண் ஆழத்திலிருந்து எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். பிறகு விரலால் ஒரு குத்து. பொலபொலவென்று உதிர்ந்தால் கொத்தலாம். பிசைந்த மாவு மாதிரி உருண்டையாகவே இருந்து விரல் பட்ட குழி மட்டும் விழுந்தால் மண்வெட்டியைத் தொடாதீர்கள். ஈரக் களிமண்ணைக் கொத்தினால் அதிலிருக்கும் காற்றுத் துளையெல்லாம் அடைபட்டு, காய்ந்ததும் செங்கல் கட்டி மாதிரி ஆகிவிடும், அந்த வருடம் முழுக்க வேர் இறங்காது. பாத்தியில் ஏறி நடக்கவும் வேண்டாம், பலகை போட்டு அதன்மேல் நில்லுங்கள். அதுவரை சும்மா இருக்க முடியவில்லை என்றால் ஒரு மண் வெப்பமானி வாங்கிக் காலையில் குத்திப் பாருங்கள். 5, 7 டிகிரி வந்தால் பட்டாணியும் பாலக்கீரையும் நேரே விதைக்கலாம். பீன்ஸுக்கு 16 வர வேண்டும், அதற்கு முன்னால் போட்டால் விதை மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும்.

ஜன்னலோரச் செடி:
இன்னொரு கேள்வி, தொந்தரவுக்கு மன்னிக்கவும். என்னிடம் மிச்சம் இருக்கும் தக்காளி விதை மூன்று வருடம் பழையது, முளைக்குமா?

கீரைப்பாத்தி:
இது எனக்குத் தெரியும். பத்து விதையை ஈரமான காகிதத் துண்டில் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கதகதப்பான இடத்தில் வைத்துவிடுங்கள். பத்து நாளில் ஏழெட்டு முளைத்தால் நல்ல விதை. நாலு ஐந்துதான் என்றால் குழிக்கு இரண்டு விதையாகப் போடுங்கள். தக்காளி விதை குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் இருந்தால் நாலு வருடம் தாங்கும். வெங்காய விதை என்றால்தான் ஒரு வருடத்துக்கு மேல் நம்ப முடியாது.

ஜன்னலோரச் செடி:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். மூடியை எடுத்த பிறகு இன்னும் ஒன்று மட்டும் விழுந்தது, அதற்கப்புறம் எதுவும் விழவில்லை. 16 தக்காளியும் கோப்பையில் இருக்கிறது. நேற்று ஒரு கோப்பையின் அடி ஓட்டை வழியாக வெள்ளையாக வேர் நுனி எட்டிப் பார்த்தது, அதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியாது. விளக்குக்குக் கீழே வந்த புது இலைகள் நெருக்கமாக, கரும்பச்சையாக இருக்கின்றன. மிளகாய் 20க்கு 14 முளைத்திருக்கிறது, தனித்தட்டில் சூட்டில் வைத்திருக்கிறேன். பழைய விதை பத்துக்கு எட்டு முளைத்தது கீரைப்பாத்தி, அதையும் இன்று காலை கழுவிய தட்டில் போட்டுவிட்டேன். இவற்றை வெளியே எடுப்பது எப்போது?

பழைய நாற்றங்கால்:
கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. உறைபனி முடிந்து, இரவில் 10 டிகிரிக்குக் கீழே போகாமல், மண்ணும் 16ஐத் தொட்ட பிறகு நடுங்கள். அதற்கு 10 நாள் முன்பிருந்து வெளியே வைத்துப் பழக்க வேண்டும், முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், காற்று படாத சுவர் ஓரமாக. தினம் ஒரு மணி நேரம் கூட்டி, மெல்ல மெல்ல வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். வீட்டு விளக்கில் வளர்ந்த இலையை முதல் நாளே வெயிலில் வைத்தால் வெள்ளை வெள்ளையாகக் கருகிவிடும். எந்த நாளாவது குளிர்காற்று அடித்தால் அன்றைக்கு உள்ளேயே இருக்கட்டும்.