மாலத்தீவில் கடலைத் தூர்த்து நிலம் எடுக்கும் வேலை: நம்ம ஊர் பீச் கதைதானா அதுவும்?

லாஸ்பேட்டை_சிவில் கேட்டது:

சிவில் முடித்துவிட்டு இங்கே புதுச்சேரியில் ஒரு வீடு கட்டும் காண்ட்ராக்டரிடம் இருக்கிறேன். மாலத்தீவில் ஒரு தீவை ஒட்டிக் கடலைத் தூர்க்கும் வேலைக்கு சைட் இன்ஜினியராகக் கூப்பிடுகிறார்கள். வீட்டில் சொன்னதும் மாமா, "நம்ம பீச்சை முழுங்கின வேலையையே அங்க போய்ச் செய்யப்போறியா?" என்று கேட்டுவிட்டார். எனக்கு இரண்டும் ஒன்றாகப் படவில்லை. இங்கே கல்லைக் கொட்டினார்கள், மணல் போனது. அங்கே மணலையே கொட்டி நிலத்தைக் கூட்டுகிறார்கள். தலைநகர் மாலேக்குப் பக்கத்தில் இருக்கும் ஹுல்ஹுமாலே தீவு 1997-ல் தூர்க்க ஆரம்பித்தது, 2004-லிருந்து ஜனங்கள் குடியிருக்கிறார்கள், கடல் மட்டத்துக்குச் சுமார் 2 மீட்டர் மேலே. கடல் ஏறினாலும் தாங்கட்டும் என்றுதானே உயர்த்துகிறார்கள்? பிறகு ஏன் இவ்வளவு எதிர்ப்பு? திட்டுவதாக இருந்தாலும் விளக்கித் திட்டுங்கள்.

கரையோரக்_கணக்கு:

மாமா சொன்னதில் விஷயம் இருக்கிறது. முதலில் நம்ம ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே போகும், வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் திரும்பி வரும், கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல் கொட்டியதும் அந்த ஓட்டம் அறுந்தது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது, வடக்கே நகரத்துக் கரை கரைந்தது.

மாலத்தீவுத் தீவுகள் இதைவிட நுணுக்கமானவை. பவளத்திட்டு மேல் குவிந்த மணல்தான் மொத்தத் தீவும், தீவில் பாறை மலை எதுவும் கிடையாது. தென்மேற்குப் பருவத்தில் தீவின் ஒரு பக்கத்து பீச் இன்னொரு பக்கம் நகரும், காற்று மாறினால் திரும்பி வரும். ரிசார்ட்காரர் வந்து பீச் போகிறதே என்று ஒரு தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் கல் வரிசை) போட்டாலோ, படகுத்துறைக்கு வாய்க்கால் வெட்டினாலோ, போன மணல் திரும்பி வர வழியில்லை, ஆழத்தில் விழுந்துவிடும். நமக்காவது பாலாறு, பெண்ணையாறு என்று ஆறுகள் மணல் கொண்டுவரும் (கொண்டுவந்துகொண்டிருந்தன, அணை கட்டுவதற்கும் மணல் லாரிகளுக்கும் முன்னால்). அங்கே ஆறே இல்லை. மணலைச் செய்வது பவளமும் அதைக் கடித்துத் தின்னும் மீன்களும்தான். கிளி மூக்கு மாதிரி வாயுள்ள கிளிமீன் பவளப்பாறையைச் சுரண்டித் தின்று மாவாக வெளியே தள்ளும். மாலத்தீவில் ஒரு திட்டில் அளந்து பார்த்தபோது புதிதாக உண்டாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கு மேல் இந்த மீன்களின் உபயம்!

இப்போது உங்கள் வேலைக்கு வருவோம். தூர்க்கும் மணலைப் பக்கத்துக் காயலின் அடியிலிருந்து ட்ரெட்ஜர் உறிஞ்சும். அப்போது கிளம்பும் மாவு போன்ற வண்டல் கலங்கலாகப் பரவும். பவளத்துக்குள் குடியிருக்கும் பாசிக்கு வெயில் வேண்டும். கலங்கல் நின்றால் வெயில் இல்லை, வண்டல் மேலே படிந்தால் மூச்சும் இல்லை. கலங்கல் பரவாமல் தண்ணீரில் வண்டல் திரை கட்டுவார்கள்தான், ஆனால் நீரோட்டம் வேகமாக இருக்கும் இடத்தில் அது பெயருக்குத்தான். பவளத்திட்டு சராசரியாக அலையின் விசையில் 97 விழுக்காட்டை வாங்கிக்கொள்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆக, கடலுக்குப் பயந்து நிலத்தை உயர்த்துகிறவர்கள் கடலைத் தடுக்கும் சுவரையே கெடுக்கிறார்கள். மாலேயிலேயே நடந்திருக்கிறது: ஊரைச் சுற்றியிருந்த திட்டின் மேல் கரைவரைக்கும் தூர்த்தார்கள், 1987 ஏப்ரலில் தூரத்துப் புயல் அலை வந்து அந்தப் புது நிலத்தைத்தான் முதலில் அடித்தது. பிறகு ஜப்பான் பணத்தில் ஊரைச் சுற்றி டெட்ராபாட் (நாலு கால் கான்கிரீட் கட்டை) சுவர்.

வைத்திக்குப்பம்_வலை:

தம்பி, கணக்கு சார் சொன்னதை நாங்கள் தெண்டி, வன்னி என்போம். தெண்டி ஓடினால் தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே, வன்னி எதிர்ப்பக்கம். எங்கள் தாத்தா காலத்தில் கட்டுமரத்தை இழுத்துப் போட அகலமான மணல் இருந்தது. அப்புறம் கருங்கல் கொட்டினார்கள். கல் கொட்டினால் அந்த இடம் நிற்கும், அதற்கு வடக்கே அரிக்கும், அங்கேயும் கல் கேட்பார்கள். இப்படியே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் தாண்டி தமிழ்நாட்டுக்குள் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை போய்விட்டது. எங்களுக்கு வடக்கே இன்னொரு ஊர் இருக்கிறது, பழியை அங்கே தள்ளலாம். தீவில் அந்தப் பக்கம் அரித்தால் இந்தப் பக்கமும் அவன் வீடுதான்.

தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் என்.ஐ.ஓ.டி. (மத்திய அரசின் கடல் தொழில்நுட்ப நிறுவனம்) இரும்பு முக்கோணம் இறக்கினதும் கொஞ்சம் மணல் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அது எங்கள் குப்பத்துக்கு வரவில்லை.

மறுகரை:

எல்லாம் சரி. மாலே இரண்டு சதுர கிலோமீட்டர்கூட இருக்காது, அதில் லட்சத்துக்கு மேல் ஜனம். ஒரே ரூமில் ஷிப்ட் போட்டுத் தூங்குகிறார்கள். அவர்களிடம் போய்ப் பவளத்தைப் பார், கிளிமீனைப் பார் என்று நாம் புதுச்சேரியில் உட்கார்ந்து சொல்லலாமா? இன்னொன்று, தீவுகள் எல்லாம் மூழ்குகிறது என்பதும் அவசரப் பேச்சு. பசிபிக் கடலில் இருக்கும் துவாலு தீவு நாட்டில் 1971 முதல் 2014 வரை படங்களை ஒப்பிட்டுப் பார்த்து நிலம் 2.9 விழுக்காடு கூடியிருக்கிறது என்கிறார்கள்.

கரையோரக்_கணக்கு:

துவாலு எடுத்துக்காட்டு எனக்குத்தான் சாதகம். அலை மணலைக் கொண்டுவந்து சேர்க்க வழி இருந்ததால்தான் பல தீவுகள் வளர்ந்தன. சுவர் கட்டினால் அந்த வழியும் அடைபடும். வீடு வேண்டும் என்பதில் சண்டை இல்லை, ஹுல்ஹுமாலேயில் குடியேறியவனை யாரும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் தூர்க்கும் ஒவ்வொரு திட்டத்துக்கும் "ஜனங்களுக்கு வீடு" என்று பலகை வைத்துவிட்டுப் பாதியை ரிசார்ட்டுக்குக் கொடுத்தால் என்ன செய்வது? எந்த இடத்தில், யாருக்காக என்று கேட்க வேண்டும்.

கடலூர்_முதுநகர்:

சொந்த ஊர் தூத்துக்குடி, இப்போது கடலூர். மாலத்தீவு வரை போக வேண்டாம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று படித்திருப்பீர்கள், அதில் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் இப்போது தண்ணீருக்குள். பவளக்கல்லை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வண்டி வண்டியாக ஏற்றினார்கள். வெட்டியது தீவை அல்ல, அதன் முன்னால் இருந்த திட்டை. 2001-ல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தில் புலிக்குச் சமமாக முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. பக்கத்து வான் தீவும் கரைந்துகொண்டே வந்தது. அதைக் காப்பாற்ற 2015-லிருந்து ஓட்டை போட்ட கான்கிரீட் கட்டைகளைக் கடலில் இறக்கினார்கள்.

லாஸ்பேட்டை_சிவில்:

எல்லாருக்கும் நன்றி. திட்டு குறைவாகத்தான் விழுந்தது. தண்ணீர் விஷயம் ஒன்று. புதிதாகத் தூர்த்த நிலத்தில் கிணறு வெட்டினால் நல்ல தண்ணீர் கிடைக்குமா? தங்குமிடம் சைட்டிலேயே என்கிறார்கள்.

கரையோரக்_கணக்கு:

கிடைக்காது. மணல் தீவில் மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீர் மேல் மிதந்து நிற்கும், அவ்வளவுதான் அவர்களுடைய நிலத்தடி நீர். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நின்றால் கீழே நாற்பது அடி இருக்கும் என்பது பாடக் கணக்கு, சின்னத் தீவில் அவ்வளவு கூட இருக்காது. கொட்டின மணலில் அது சேரவே வருஷக்கணக்காகும். பக்கத்தில் ஆழமாகத் தோண்டினால் பழைய தீவில் இருப்பதும் உப்பாகலாம். மாலேயில் உறிஞ்சித் தீர்த்துவிட்டு, கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் குடிக்கிறார்கள். 2014 டிசம்பரில் அந்த ஆலையில் தீப்பிடித்தபோது நம்ம நாட்டிலிருந்து விமானத்தில் தண்ணீர் போனது.

போவதா வேண்டாமா என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பேச்சுவார்த்தையில் இரண்டு கேளுங்கள்: ஒன்று, மணல் எங்கிருந்து எடுக்கிறார்கள், அதிலிருந்து உயிருள்ள பவளம் எவ்வளவு தூரம்; இரண்டு, கலங்கலை அளக்கும் ஆள் யார், அளவு தாண்டினால் ட்ரெட்ஜரை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்கிறதா.

மறுகரை:

மூன்றாவதாக, சம்பளம் டாலரிலா ரூஃபியாவிலா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.