வாரத்துக்கு 30 வகைத் தாவர உணவு: எண்ணிக்கையா, அளவா?

கேள்வி (நாற்பதுக்குமேல்):
வயது 47. எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பு வரம்பை ஒட்டி நிற்கிறது, மலச்சிக்கலும் உண்டு. வாரத்துக்கு 30 வகைத் தாவர உணவு வேண்டும் என்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் பாதிகூடத் தேறவில்லை. இந்த 30 எங்கிருந்து வந்தது? எதையெல்லாம் கணக்கில் சேர்க்கலாம்? பயறைக் கூட்டினாலே வயிறு உப்புகிறதே, என்ன செய்வது?

பதில் (வேரும்விதையும்):
2018இல் வெளிவந்த ‘அமெரிக்கன் கட்’ ஆய்விலிருந்து வந்தது. வாரத்துக்கு 30 வகைக்கு மேல் சாப்பிட்டவர்களின் குடல் நுண்ணுயிர்கள், 10 வகையோ அதற்குக் குறைவாகவோ சாப்பிட்டவர்களுடையதைவிடப் பலதரப்பட்டு இருந்தன. அது பழக்கங்களை ஒப்பிட்ட ஆய்வு; 30ஐத் தொட்டால் நோய் குறையும் என்று அது நிரூபிக்கவில்லை. எனவே 24 வந்தாலும் கவலை வேண்டாம்.

தானியம், பயறு, காய், கீரை, பழம், கொட்டை, விதை எல்லாம் கணக்கில் வரும். மசாலாவையும் மூலிகையையும் கால் புள்ளியாக எண்ணுவோர் உண்டு. முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் தாவரவியல்படி ஒரே இனம்தான். ஆனாலும் தனித்தனியாக எண்ணுங்கள், சத்து வேறு.

என் கருத்தில் அளவைக் கவனிப்பதே முதல் வேலை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து, 400 கிராம் காய்கனி. ஒரு கப் வெந்த பயறிலேயே 12 முதல் 15 கிராம் நார் வந்துவிடும். நாலு கொத்தமல்லி இலையைத் தூவி ஒரு வகை என்று குறித்துக்கொள்வதில் பயனில்லை. எல்டிஎல்லுக்குக் கரையும் நார் வேண்டும்: ஓட்ஸ், பார்லியில் உள்ள பீட்டா குளுக்கன் நாளுக்கு 3 கிராம் போனால் எல்டிஎல் ஓரளவு இறங்கும். உலர்ந்த ஓட்ஸ் கணக்கில் அது சுமார் 75 கிராம்.

புதிய சமையல் தேட வேண்டியதில்லை. வழக்கமாக ஒரே பருப்பு என்றால் மூன்றைக் கலந்து ஒரே டப்பாவில் வையுங்கள். விதைகளையும் அப்படியே. ஆளிவிதையை மட்டும் பொடித்துச் சாப்பிடுங்கள், முழு விதை பெரும்பாலும் செரிக்காமல் அப்படியே வெளியேறும். பொடியில் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும், குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.

பதில் (ஊறவைத்தபயறு):
உப்புசத்துக்கு வருகிறேன். பயறிலுள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் சர்க்கரைகளைச் சிறுகுடல் செரிக்காது. பெருங்குடலில் நுண்ணுயிர்கள் அவற்றை நொதிக்கவைக்கும்போதுதான் வாயு உண்டாகிறது. அதே நொதித்தலில்தான் குடல் சுவருக்கு உணவாகும் பியூட்டிரேட்டும் கிடைக்கிறது. ஆகவே பயறை நிறுத்தாதீர்கள், வேகத்தைக் குறையுங்கள்.

8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் வேகவையுங்கள். முதல் வாரம் நாளுக்கு 2 மேசைக்கரண்டி வெந்த பயறு போதும். அடுத்த வாரம் 4. புதிய பொருளை மூன்று நாளைக்கு ஒன்றாகச் சேருங்கள். ஒரே நாளில் பயறு, வெங்காயம், முட்டைக்கோஸ் மூன்றையும் கூட்டினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்றே தெரியாது. நாரைக் கூட்டும்போது தண்ணீரையும் கூட்டுங்கள், இல்லாவிட்டால் மலச்சிக்கல் இன்னும் இறுகும்.

சிவப்பு ராஜ்மாவில் கூடுதல் கவனம் தேவை. அரைவேக்காட்டில் அதிலுள்ள லெக்டின் என்ற புரதம் கடும் வாந்தி, பேதி உண்டாக்கும். 5 மணி நேரமாவது ஊறவைத்து, நீரை மாற்றி, தளதளவெனக் கொதிக்கும் நிலையில் 30 நிமிடம் வைத்தபின் மீதியை வேகவையுங்கள். மெதுவாகச் சமைக்கும் மின்பாத்திரத்தில் பச்சையாகப் போடவே கூடாது, அந்தச் சூடு போதாது.

நாற்பதுக்குமேல்:
மிக்க நன்றி. வீட்டில் ஒருவர் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுக்கிறார், எனக்குத் தைராய்டு மாத்திரை. ஏதேனும் மாற்ற வேண்டுமா?

பதில் (மாத்திரைநேரம்):
வார்ஃபரின் எடுப்பவர் கீரையை விடவேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட வேண்டும், ஏனென்றால் கீரையின் வைட்டமின் கே மருந்தின் வேலையைத் தணிக்கும். உணவை மாற்றுமுன் மருத்துவரிடம் சொல்லி, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் தைராய்டு மாத்திரை லெவோதைராக்சின் என்றால், அதை வெறும் வயிற்றில், காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு எடுங்கள். அதிக நார் அதன் உறிஞ்சுதலைக் குறைக்கக்கூடும். நாரைக் கூட்டிய 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்ஹெச் எனும் தைராய்டு ரத்தப் பரிசோதனையை ஒருமுறை பாருங்கள். கொழுப்புக்கு ஸ்டாடின் மாத்திரை தொடங்கினால் கிரேப்ஃப்ரூட் (பம்பளிமாஸ் போன்ற பழம்) ஒத்துவருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சில ஸ்டாடின்களின் அளவை அது ரத்தத்தில் ஏற்றிவிடும்.

மலச்சிக்கல் புதிதாகத் தொடங்கியதா? கூடவே ரத்தமோ காரணமில்லாத எடைக்குறைவோ இருந்தால், உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.