பெட்ரோல் பங்க் அருகே கிணறு: பாறை, நிலத்தடி நீர் பற்றி அறிந்தோர் உதவ வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள எங்கள் கிணற்றுக்கு மேட்டுப்புறத்தில், பல ஆண்டுகளாக ஒரு பெட்ரோல் பங்க் இயங்குகிறது. கோடை தொடங்கியது முதல் கிணற்று நீரில் எண்ணெய் வாடை வீசுவதால், மாடுகளுக்கும் அதைக் காட்டுவதை நிறுத்திவிட்டோம்.

இங்கே மேல்மண்ணுக்குக் கீழே சிதைந்த பாறையும், அதற்கடியில் வெடிப்புகள் ஓடும், நைஸ் (gneiss) எனப்படும் கடினமான உருமாறிய பாறையும் இருப்பதால், நீர் ஆற்றுமணலில் பரவுவதுபோலச் சீராகப் பரவாமல் வெடிப்புகளின் போக்கிலேயே செல்கிறது. எனவே மேட்டில் இருக்கிறது என்பதற்காக மட்டும் பங்க்கைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பெட்ரோல் நீரில் மிதக்கும், ஆனால் அதிலுள்ள பென்சீன் என்ற நச்சு வேதிப்பொருள் ஓரளவு கரைந்து நீரோடு நகரும் என்பதே என் கவலை.

நம் பகுதியில் ஃபுளோரைடுக்காகச் செய்யும் சோதனையில் பென்சீன் தெரியாது. அதைச் சோதிக்கும் ஆய்வகத்தையும், நிலம் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அளந்து (மின்தடை அளவீடு) பாறை வெடிப்புகளைக் கண்டறியும் நிலவியலாளரையும் அறிந்தவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள்.