போன வருட நன்கொடை, இந்த வருட நன்கொடை: 80ஜி-யில் எதை எங்கே காட்டுவது?

சாம்பல்குருவி (ஜூலை 2021):

வணக்கம். நான் மாதச் சம்பளக்காரன், வேறு வருமானம் கிடையாது. வழக்கமாக வருமான வரி ரிட்டர்னை நானே போட்டுவிடுவேன். இந்த முறை கொரோனாவுக்காக அங்கே இங்கே கொடுத்ததையெல்லாம், நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் 80ஜி பிரிவில் காட்டலாம் என்று உட்கார்ந்தால் இரண்டு நாளாகத் தலை சுற்றுகிறது. ஜூன் மாதம் வந்த வரித்துறையின் புதிய இணையதளம் பாதி நேரம் திறப்பதில்லை, அது தனிக் கதை.

கொடுத்தவை இவை. 2020 மே மாதம் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒருநாள் சம்பளம் பிடித்து முதலமைச்சர் நிவாரண நிதிக்கு அனுப்பினார்கள், என் பங்கு 2,600 ரூபாய். அதே ஆண்டு ஜூனில் பிரதமரின் கொரோனா நிவாரண நிதியான பிஎம் கேர்ஸுக்கு 10,000. அக்டோபரில் ஊரடங்கில் வேலை போனவர்களுக்கு உதவிய ஒரு அறக்கட்டளைக்குக் காசோலையாக 20,000, அப்புறம் அவர்கள் வீட்டுக்கே வந்தபோது கையில் 5,000. இந்த மே மாதம் முதல்வர் நிவாரண நிதிக்கு 10,000. அதே மாதம் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து அரசு மருத்துவமனைக்கு ஓர் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வாங்கிக் கொடுத்தோம், என் பங்கு 16,000.

எல்லாவற்றையும் கூட்டினால் 63,600 வருகிறது. அலுவலகம் தந்த வரிச் சான்றிதழான ஃபார்ம் 16-ல் 80ஜி என்ற இடத்தில் பூஜ்யம்தான் இருக்கிறது. அலுவலகம் ஏதாவது தப்பு செய்துவிட்டதா? மொத்தத் தொகையையும் நானே போட்டுக்கொள்ளலாமா?

கணக்கப்பிள்ளை:

மொத்தத்தையும் போடாதீர்கள் சார், நோட்டீஸ் வரும். முதலில் ரசீதுகளைத் தேதிப்படி இரண்டு அடுக்காகப் பிரியுங்கள். நீங்கள் இப்போது போடுவது 2020 ஏப்ரல் 1 முதல் 2021 மார்ச் 31 வரைக்கான கணக்கு. இந்த மே மாதம் கொடுத்தது எதுவும் இதில் வராது, அது அடுத்த வருட ரிட்டர்னுக்கு. இரண்டாம் அலை ஏப்ரல், மே மாதங்களில் உக்கிரமாக இருந்ததால் இந்த ஒரு தப்பைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் மே மாத ரசீதைத்தான் முதலில் நீட்டினார்கள்.

கையில் கொடுத்த 5,000-த்தை மறந்துவிடுங்கள். ரொக்கமாக 2,000-க்கு மேல் கொடுத்தால் 80ஜி இல்லை. 2,000 வரை கழித்துக்கொண்டு மீதியை விடலாமா என்றால் அதுவும் முடியாது, முழுத் தொகையும் போய்விடும். 2017-க்கு முன் இந்த வரம்பு 10,000-ஆக இருந்தது, அந்த நினைப்பில் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

கான்சென்ட்ரேட்டருக்கும் கிடையாது. பொருளாகக் கொடுப்பதற்கு 80ஜி-யில் இடமே இல்லை, அரிசி மூட்டையானாலும் சரி, இயந்திரமானாலும் சரி. அதே 16,000-ஐ 80ஜி பதிவுள்ள அமைப்பிடம் பணமாகக் கொடுத்து அவர்கள் வாங்கியிருந்தால் பாதியாவது கழிந்திருக்கும். ஆனால் மே மாதம் இருந்த நிலையில் யார் அதையெல்லாம் யோசித்தார்கள்.

ரயில்சிநேகம்:

பிஎம் கேர்ஸ் பற்றி ஒரு விஷயம். 2020 ஜூனில் கொடுத்தேன் என்கிறீர்கள். அந்த வருடம் ஊரடங்கு காரணமாக 80சி (பிஎஃப், எல்ஐசி போன்ற சேமிப்பு), 80டி (மருத்துவக் காப்பீடு), 80ஜி எல்லாவற்றுக்கும் கெடுவை மார்ச் 31-லிருந்து ஜூன் 30-க்குத் தள்ளினார்கள், பிறகு ஜூலை 31 வரை நீட்டித்தார்கள். அதனால் ஏப்ரலுக்குப் பிறகு கொடுத்ததையும் அதற்கு முந்தைய ஆண்டுக் கணக்கில், அதாவது 2019-20-ல், காட்ட வழி இருந்தது. ஏதாவது ஓர் ஆண்டில் மட்டும்தான், இரண்டிலும் கூடாது. நீங்கள் போன ரிட்டர்னில் அதைக் காட்டிவிட்டீர்களா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள் அண்ணா. என் மைத்துனர் இரண்டு முறை போட்டுவிட்டுப் பிறகு திருத்திய ரிட்டர்ன் போட வேண்டியதாயிற்று.

சாம்பல்குருவி:

நல்லவேளை சொன்னீர்கள். பழைய ரிட்டர்னை இறக்கிப் பார்த்தேன், அட்டவணை 80ஜி-யில் முதல் வரியிலேயே பிஎம் கேர்ஸ் 10,000 உட்கார்ந்திருக்கிறது. நானேதான் போட்டிருக்கிறேன், சுத்தமாக நினைவில்லை.

அப்படியானால் எனக்கு மிஞ்சுவது அலுவலகத்தில் பிடித்த 2,600-ம் அறக்கட்டளைக்குக் கொடுத்த 20,000-மும்தானா? அலுவலகத்தில் பிடித்ததற்கு என் பெயரில் ரசீதே இல்லையே.

கணக்கப்பிள்ளை:

அதற்கு உங்கள் பெயரில் ரசீது தேவையில்லை. எல்லோர் பணத்தையும் ஒரே காசோலையாக முதலமைச்சர் நிவாரண நிதிக்கு அனுப்பியிருந்தால், இவரிடம் இவ்வளவு பிடித்தோம் என்று அலுவலகம் தரும் சான்று போதும். பிஎம் கேர்ஸுக்கும் அப்படியே என்று 2020 ஏப்ரலில் வரித்துறை தெளிவுபடுத்தியது. சம்பளப் பிரிவில் கேட்டு ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

முதலமைச்சர் நிதிக்குக் கொடுத்தது நூறு சதவீதம் கழியும், உச்சவரம்பு இல்லை. அறக்கட்டளைக்குக் கொடுத்தது ஐம்பது சதவீதம், அதுவும் உங்கள் வருமானத்தில் 80சி போன்ற மற்ற கழிவுகள் போக மிஞ்சுவதில் பத்து சதவீத வரம்புக்குள். ஆக 2,600-ம் 10,000-மும் சேர்த்து 12,600. ரசீதில் அறக்கட்டளையின் பான் எண்ணும் 80ஜி பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். பான் இல்லாமல் அட்டவணை நகராது.

இன்னொன்று. ஃபார்ம் 16-ல் 80ஜி மட்டும்தான் பூஜ்யமா, 80சி-யும் பூஜ்யமா?

சாம்பல்குருவி:

80சி-யும் பூஜ்யம். சம்பளக்காரர்களுக்கு ரசீதில்லாமலே தரும் நிலைக்கழிவு 50,000 என்பதும் இல்லை. பிஎஃப், எல்ஐசி சேர்த்து எனக்கு ஒன்றரை லட்சம் முழுதாக இருக்கிறது, 80டி-யில் மருத்துவக் காப்பீடு 25,000. மொத்தச் சம்பளம் 9,50,000. பிடித்த வரி 70,200.

கணக்கப்பிள்ளை:

நினைத்தேன். போன வருடம் ஏப்ரலில் அலுவலகம் ஒரு படிவம் அனுப்பியிருக்கும், நீங்கள் புதிய வரிமுறையில் டிக் அடித்திருப்பீர்கள். 2020-21-லிருந்து வந்த 115பிஏசி பிரிவு அது. விகிதம் குறைவு, ஆனால் 2020-21 கணக்கில் 80சி, 80டி, 80ஜி, நிலைக்கழிவு எதுவும் கிடையாது. அதில் இருந்துகொண்டு எத்தனை ரசீது வைத்திருந்தாலும் ஒரு ரூபாய் கழியாது.

ஆனால் அலுவலகத்தில் சொன்னது சம்பளத்தில் வரி (டிடிஎஸ்) பிடிப்பதற்காக மட்டும்தான். தொழில் வருமானம் இல்லாதவர் ரிட்டர்ன் போடும்போது மாற்றிக்கொள்ளலாம். இந்த வருட ரிட்டர்னில் புதிய முறை வேண்டும் என்பவர்தான் ஃபார்ம் 10-ஐஇ போட வேண்டும். அதைப் போடாமல், 115பிஏசி கேள்விக்கு இல்லை என்று கொடுத்தால் நீங்கள் பழைய முறையில் இருப்பீர்கள்.

கணக்கைப் பாருங்கள். 9,50,000-ல் நிலைக்கழிவு போக 9,00,000. 80சி, 80டி போக 7,25,000. பத்து சதவீத வரம்பு 72,500, உங்கள் 20,000 அதற்குள் அடங்கிவிடுகிறது. நன்கொடைக் கழிவு 12,600 போனால் 7,12,400. வரி 54,980, செஸ் சேர்த்து 57,180. உங்களுக்குத் திரும்பி வருவது 13,020. இதில் நன்கொடையால் வந்தது 2,620 மட்டும். மிச்சம் 10,400, அந்த ஒரு டிக்கினால் போயிருக்க வேண்டியது.

சாம்பல்குருவி:

இரண்டு நாளாக 80ஜி அட்டவணையையே முறைத்துக்கொண்டிருந்தேன், விஷயம் வேறு இடத்தில் இருந்திருக்கிறது. ரொம்ப நன்றி சார்.

இன்னொரு சந்தேகம், இதுதான் உண்மையில் மனதை அரிக்கிறது. கல்லூரி நண்பன் ஒருவன் மே மாதம் கொரோனாவில் போய்விட்டான். இரண்டு சின்னப் பிள்ளைகள். வகுப்பில் படித்தவர்கள் எல்லோரும் பணம் போட்டோம். குழு ஆரம்பித்தவன் நான் என்பதால் என் ஜிபே எண்ணைக் கொடுத்துவிட்டேன், 6,40,000 என் கணக்குக்கு வந்தது. பத்து நாளில் அப்படியே அவன் மனைவியின் கணக்குக்கு மாற்றிவிட்டேன். இப்போது அலுவலக நண்பர் ஒருவர் அது உன் வருமானம் என்கிறார், இன்னொருவர் அந்தப் பெண் வரி கட்ட வேண்டும் என்கிறார். ஒரு நண்பன் 80ஜி ரசீது கிடைக்குமா என்று வேறு கேட்கிறான்.

மாடிவீட்டுப்பூனை:

முதலில் உங்கள் நண்பருக்கு என் அஞ்சலி. ரசீது கேட்டவருக்குப் பதில்: கிடைக்காது. தனி மனிதருக்கோ குடும்பத்துக்கோ கொடுப்பது எவ்வளவு நல்ல காரியமானாலும் 80ஜி இல்லை. இணையத்தில் நிதி திரட்டும் தளங்களிலும் இதே கதைதான். பணம் 80ஜி பதிவுள்ள அமைப்புக்குப் போனால் மட்டும் கழிவு, நோயாளி கணக்குக்குப் போனால் இல்லை.

நண்பரின் மனைவி விஷயம். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் 50,000-க்கு மேல் வந்தால் முழுத் தொகையும் வருமானம் என்பது சாதாரண விதி. அதனால்தான் அவர் வரி கட்ட வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். ஆனால் ஜூன் 25-ம் தேதி நிதியமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கொரோனாவில் இறந்தவரின் குடும்பத்துக்கு அவர் வேலை பார்த்த இடத்திலிருந்து வரும் உதவித்தொகைக்கு வரம்பில்லாமல் வரிவிலக்கு, மற்றவர்களிடமிருந்து வருவதற்கு மொத்தம் 10 லட்சம் வரை விலக்கு. சிகிச்சைச் செலவுக்கு வாங்கிய உதவிக்கும் விலக்கு உண்டு. 2019-20-லிருந்தே பொருந்தும், சட்டத் திருத்தம் பின்னால் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். 6,40,000 அதற்குள் வந்துவிடும், வேறு யாரும் பெரிய தொகை கொடுத்திருக்கிறார்களா என்று மட்டும் அவரிடம் பக்குவமாகக் கேளுங்கள்.

கணக்கப்பிள்ளை:

பூனை சொன்னது சரி. உங்கள் பக்கம் பயப்பட ஒன்றுமில்லை, நீங்கள் இடையில் நின்று வாங்கிக் கொடுத்தவர்தான், ஆனால் கேட்டால் காட்ட வேண்டும். வங்கி அறிக்கையில் அந்தப் பத்து நாள் பக்கங்களைத் தனியாக எடுத்து, யார் எவ்வளவு என்று பெயர்ப் பட்டியல் போடுங்கள். குழுவில் நீங்கள் முதலில் அனுப்பிய செய்தியின் ஸ்கிரீன்ஷாட் முக்கியம், எதற்காகப் பணம் என்பது அதில்தான் இருக்கிறது. அந்த அம்மாவிடம் பாசிட்டிவ் அறிக்கையையும் இறப்புச் சான்றிதழையும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். இது 2021-22 கணக்கு, அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

சாம்பல்குருவி:

பட்டியல் போட ஆரம்பித்துவிட்டேன். 83 பேர். இதில் ஒருவன் சிங்கப்பூர் குடியுரிமை வாங்கியவன், இன்னும் கொடுக்கிறேன், நீ பணம் கொடுத்த அறக்கட்டளைக்கு நேராக அனுப்பட்டுமா என்கிறான்.

மாடிவீட்டுப்பூனை:

கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வெளிநாட்டிலிருந்து தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால் ஆகும், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) இருந்தாலும் அப்படித்தான். வாங்கும் அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். 2020 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகத்தான் வர முடியும், வாங்கியவர் இன்னோர் அமைப்புக்கு மாற்றவும் முடியாது. சின்ன அறக்கட்டளை என்றால் அவர்களுக்குத்தான் தலைவலி. அனுப்பும் முன் பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிடச் சொல்லுங்கள்.

சாம்பல்குருவி (ஆகஸ்ட் 2021):

ரிட்டர்ன் போட்டாயிற்று, நான்காவது முயற்சியில் இணையதளம் வழிவிட்டது. அறக்கட்டளை ரசீதில் பான் இல்லை, போன் செய்ததும் அங்கே இருந்த அம்மா ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அலுவலகக் கடிதமும் வந்துவிட்டது. திரும்பி வரவேண்டியது 13,020 என்று சரியாகக் காட்டுகிறது. மே மாத 10,000 ரசீதை அடுத்த வருட உறையில் போட்டு மேலே பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த வருடம் இரண்டாவது முறை டிக் அடித்துத் தொலைக்காமல் இருக்க, அலுவலகத்திலும் பழைய முறை என்று சொல்லிவிட்டேன்.

கணக்கப்பிள்ளை:

நல்லது சார். இ-வெரிஃபை, அதாவது போட்டது நீங்கள்தான் என்று ஆன்லைனில் உறுதிப்படுத்துவது, செய்தீர்களா? அது செய்யாமல் விட்டால் போட்ட ரிட்டர்ன் போட்ட கணக்கே இல்லை.

சாம்பல்குருவி:

ஐயோ. இதோ செய்கிறேன்.